வெங்காயம் உரிக்கிற நேரம்

அண்ணி: அவர் காரைச் சந்துல திருப்பிட்டு இருக்கார் தம்பி. உள்ள வர்றதுக்குள்ள சொல்லிடு... திறந்து பார்த்தா தெரிஞ்சிடுமா?

கடைக்காரர்: முதல்ல மூச்சு விடுங்க அண்ணி. எதைத் திறந்து பார்த்தா?

அண்ணி: எதைன்னு கேக்குறான் பாரு! நீ மாத்தி வச்சியே, அதை. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழட்டி, பின் சீட்டுல உட்கார வச்சு, சீட் பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வர்றார். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற எனக்கு பெல்ட் இருக்கா இல்லையான்னு இதுவரைக்கும் திரும்பிப் பார்த்ததில்ல.

கடைக்காரர்: மெதுவாப் பேசுங்க... நான் மாத்தி வைக்கல. நீங்க மாத்தச் சொன்னீங்க, நான் மாத்தினேன். ரெண்டும் வேற.

அண்ணி: கோர்ட்டுல சொல்ற மாதிரி சொல்லாதே. தூசி தட்ட வந்தேன்னு வந்தியா? அவர் மத்தியானம் தூங்கப் போன நேரத்துல புது டிஸ்கைக் கழட்டிட்டு, பழைய டிஸ்கைப் போட்டுட்டுப் போனியா?

கடைக்காரர்: போட்டேன். பாவி நான் போட்டேன். அதுல இருந்த எல்லாத்தையும் அப்படியே பழசுக்கு நகல் எடுத்து, ஒரு எழுத்து மாறாம வச்சுட்டு, அந்தப் புது எஸ்.எஸ்.டி. டிஸ்கை உங்க கையில கொடுத்தேன். அதை என்ன பண்ணீங்க?

அண்ணி: பட்டன் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். தையல் மிஷினுக்குக் கீழ இருக்குமே, பழைய பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவைத் திறக்க இந்த வீட்டுல எந்த ஆம்பளைக்குத் தெரியும்? இப்போ என் கைப்பையில இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்.

கடைக்காரர்: நான் வித்ததுலயே ஒசத்தியான டிஸ்க், பட்டனோட பட்டனாக் கிடந்திருக்கு. நல்லா இருக்கு அண்ணி. இங்க என் பேரு நாறிட்டு இருக்கு. அண்ணன் அந்த விமான விளையாட்டு குரூப்ல என்ன போட்டிருக்கார் தெரியுமா? "இந்தக் கடையில எஸ்.எஸ்.டி. வாங்குறவங்க கூடவே ஒரு தலையணையும் வாங்கிக்கங்க, லோடிங் ஆகுறதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம்"னு.

அண்ணி: நல்லாத்தானே எழுதியிருக்கார்.

கடைக்காரர்: ஆர்டர் கொடுத்தவங்க ரெண்டு பேர் வேண்டாம்னுட்டாங்க. உங்களுக்குச் சிரிப்பு. நான் உண்மையைச் சொல்லிடறேன். "அண்ணே, வித்தது நல்ல சரக்கு, வீட்டுல இருக்கிறவங்கதான்..."

அண்ணி: சொல்லுவ. சொல்லிப் பாரு. என் தங்கச்சி வீட்டுக்கு லேப்டாப், நாத்தனார் ஆபீசுக்கு கேமரா, எல்லாத்துக்கும் உன் கடையைக் காட்டிவிட்டது யாரு? காட்டின கையால மறைக்கவும் தெரியும்.

கடைக்காரர்: டைல்ஸ் வியாபாரி பொண்டாட்டிங்கறது சரியாத்தான் இருக்கு. பேரத்துல அண்ணனே உங்ககிட்ட பாடம் படிக்கணும்.

அண்ணி: அவரா? ஆஸ்பத்திரியில கால்ல தையல் போட்டப்போ, "டாக்டர், இத்தனை தையல் போடுறீங்களே, கடைசித் தையல் இலவசமா?"ன்னு கேட்ட மனுஷன். அவர்கூட வாழ்ந்தா கல்லுக்கும் பேரம் வரும்.

கடைக்காரர்: சரி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க காரணம் சொல்லவே இல்ல. "மாத்து"ன்னீங்க, மாத்தினேன். வேகமா ஓடுறதை எடுத்துட்டு ஆமையைக் கட்டி வைக்கச் சொன்ன முதல் கஸ்டமர் நீங்கதான். ஏன்?

அண்ணி: ...கரண்டு பில்லு.

கடைக்காரர்: ஆமையும் கரண்டுலதான் ஓடுது அண்ணி.

அண்ணி: ...அந்த விமான விளையாட்டு திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்னு உனக்குத் தெரியுமா? பழைய டிஸ்குல?

கடைக்காரர்: உலகத்துல இருக்குற மலை, ரோடு, கட்டடம், ஏர்போர்ட் எல்லாத்தையும் உள்ளே இருந்து அள்ளிட்டு வரணும்ல. அண்ணன் வேற கண்ணுல பட்ட ஊரையெல்லாம் இறக்கி வச்சிருக்கார். இழுக்கும்.

அண்ணி: ஒரு கூடை வெங்காயம் உரிக்கிற நேரம். அவர் கடையைப் பெரியவன்கிட்ட ஒப்படைச்ச அன்னைக்கு வாயையும் சேர்த்து ஒப்படைச்சுட்டார். காலையில எழுந்தா காபி, சாயந்திரம் வரைக்கும் விமானம், ராத்திரி "சாப்பாடு". அந்த ஒரு வார்த்தைதான். ஆனா பட்டனைத் தட்டிட்டு, ஏர்போர்ட் வர்ற வரைக்கும் சும்மா உட்கார முடியாதே... வியாபாரி கை. அடுப்படிக்கு வருவார். "என்ன உரிக்கிறே?"ம்பார். பக்கத்துல உட்காருவார். ரெண்டு வெங்காயம் எடுப்பார்...

கடைக்காரர்: ம்...

அண்ணி: பெரியவன் அவர்கிட்ட, "அப்பா, நீங்க கடைப் பக்கம் வராதீங்க, நீங்க வந்து உட்கார்ந்தா கஸ்டமர் எழுந்து போறாங்க"ன்னு சொல்லியிருக்கான். எப்போ? கடை கொடுத்த மறு வாரமே. எனக்குத் தெரியாது. அதை எப்போ சொன்னார் தெரியுமா? லோடிங்ல. கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம் பாரு.

கடைக்காரர்: ...அப்புறம் நான் வந்து எஸ்.எஸ்.டி. மாட்டிட்டேன்.

அண்ணி: நீ வந்து மாட்டினே. பட்டனைத் தட்டினார், ஏர்போர்ட் வந்துடுச்சு. உட்கார்ந்தார், பறந்துட்டார். அடுப்படியில நானும் உரிக்காத வெங்காயமும். கட்டின புருஷன் வீட்டுக்குள்ளேயே வெளிநாடு போயிட்டார் தம்பி.

கடைக்காரர்: இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, சர்வீஸ் சார்ஜ் வாங்கியிருக்க மாட்டேன்.

அண்ணி: இப்போ திருப்பிக் கொடு.

கடைக்காரர்: ...கார் கதவுச் சத்தம் கேட்குது. அண்ணனுக்கு சந்தேகம் வராதா? இந்த விஷயத்துல கொஞ்சம் கில்லாடியாச்சே.

அண்ணி: வாய்தான் கில்லாடி. அந்த எஸ்.எஸ்.டி. வாங்கின புதுசுல ஒரு வாரம் எனக்குப் பாடம் எடுத்தார். "பழைய டிஸ்குன்னா உள்ள தட்டு சுத்தும், ஒரு ஊசி ஓடி ஓடித் தேடும். நம்ம குடோன்ல கிழவன் ஒருத்தனை டைல்ஸ் தேட அனுப்புற மாதிரி. எஸ்.எஸ்.டி.ல சுத்துறதே இல்ல, தேடுறதே இல்ல, மூச்சுச் சத்தம்கூட வராது"ன்னு. நானும் தலையாட்டினேன். மாத்தி வச்சு இத்தனை நாள் ஆச்சு, கண்டுபிடிச்சாரா? வந்துட்டார், வந்துட்டார்... நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு.

கடைக்காரர்: அது எனக்குப் பழக்கம்தான்.

கேப்டன்: வழி விடு, வழி விடு! பாடி வருது!

கடைக்காரர்: அண்ணே! கடை திறந்த நேரம், வாயில வேற வார்த்தையே வராதா?

கேப்டன்: உயிர் இருக்கா இல்லையான்னு நீ சொன்னாத்தானே பாடியா பேஷண்டான்னு தெரியும்? இதை எங்க வைக்க? இந்த மேசை தாங்குமா, இல்ல நீ வித்த சரக்கு மாதிரிதானா?

கடைக்காரர்: உங்க கடையில வாங்கின டைல்ஸ் என் வீட்டு பாத்ரூம்ல இன்னும் ஆடுது அண்ணே. நான் குரூப்ல போட்டேனா?

கேப்டன்: ஆடுறது டைல்ஸ் இல்ல, நீ கூப்பிட்ட கொத்தனார். சல்லிசா வர்றான்னு கூப்பிட்டிருப்பே.

அண்ணி: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?

கேப்டன்: நீ எதுக்கு வந்தே? அதைத்தான் வழியெல்லாம் கேட்டுட்டு வந்தேன். கம்ப்யூட்டர் கடைன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டா தம்பி. இன்னைக்கு எனக்கு முன்னாடி கார்ல ஏறி உட்கார்ந்துட்டா.

அண்ணி: எதிர்க் கடையில மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கணும்.

கேப்டன்: வாஷருக்கு இவ்வளவு அலங்காரமா?

அண்ணி: பேச்சை மாத்தாதீங்க. அது என்ன சட்டை? கடைக்கும் அந்த வெள்ளைச் சட்டைதானா? தோள்ல தங்கப் பட்டை வேற. பாக்குறவங்க பேண்டு வாசிக்கிறவர்னு நினைப்பாங்க.

கேப்டன்: கேப்டன் யூனிஃபார்ம் அது.

அண்ணி: எந்த விமானத்துக்கு? நம்ம வீட்டு மாடி ரூமுக்கு வெள்ளைச் சட்டை போட்டாத்தான் உள்ள விடுவாங்களா? தம்பி, இவர் மைக்ல அறிவிப்பு வேற கொடுப்பார். "பயணிகள் கவனத்திற்கு." கேக்குறதுக்கு ஒரு பூனைதான் இருக்கு. அதுவும் பாதியில எழுந்து போயிடும்.

கடைக்காரர்: பாராசூட் கொடுத்தீங்களா அண்ணே?

கேப்டன்: சிரி. சிரிக்கிற பல்லை அப்புறம் எண்ணுறேன்.

அண்ணி: இருங்க... அந்தப் பட்டன்... மேல இருந்து ரெண்டாவது. அது அறுந்து போயில்ல இருந்தது? நான் தைக்கல. தச்சுத் தர மாட்டேன்னு சொல்லிட்டேன்.

கேப்டன்: நானே தச்சேன்.

அண்ணி: நீங்களா! அதான் கோணலா இருக்கு. வெள்ளைச் சட்டைக்குப் பச்சை நூலு. பட்டன் எங்க கிடைச்சுது?

கேப்டன்: ...பழைய சட்டையில இருந்து பிச்சேன். இப்போ பட்டனா முக்கியம்? தம்பி, விஷயத்துக்கு வா. நீ வித்தது எஸ்.எஸ்.டி.யா, செங்கல்லா?

கடைக்காரர்: என்னண்ணே பிரச்சினை?

கேப்டன்: முதல்ல சொல்லு, பார்க்குறதுக்குக் காசு கேப்பியா?

கடைக்காரர்: செக் பண்ண ஒரு சார்ஜ் உண்டு. எல்லாருக்கும் உண்டு.

கேப்டன்: பார்க்கவே காசா? உன் முகத்தை நான் இவ்வளவு நேரமா சும்மாதானே பார்த்துட்டு இருக்கேன்? நான் என்னைக்காவது டைல்ஸைத் தட்டிக் காட்டக் காசு வாங்கியிருக்கேனா?

கடைக்காரர்: அதைக் கல்லு விலையில ஏத்திடுவீங்க. ஆனா ஒண்ணு அண்ணே, அந்தத் தட்டுற வித்தையை மெச்சணும். விரலால ஒரு சுண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால சொல்லிடுவீங்க.

அண்ணி: அந்தக் காதுக்கு நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது.

கேப்டன்: என்ன சொன்னே?

அண்ணி: பார்த்தியா தம்பி?

கேப்டன்: சொல்றதைக் கேளு. பட்டனைத் தட்டினா, விமானம் வர்றதுக்குள்ள எனக்கு இன்னொரு நரைமுடி வந்துடுது. சரி, அது போகட்டும். பறக்குறப்போ கீழ இருக்கிற ஊரெல்லாம் மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கு. கட்டடம் எது, குளம் எதுன்னு தெரியல. கிட்டப் போனப்புறம்தான் "நான் கட்டடம்"னு எழுந்து நிக்குது. எழுந்து நிக்குறது எங்க? என் மூக்குக்கு நேரா!

கடைக்காரர்: அது கிராஃபிக்ஸ் கார்டா இருக்கும்...

கேப்டன்: கார்டு பேருல பழி போடாதே, அது போன வருஷம் ஒழுங்கா இருந்தது. அப்புறம் ஒரு சத்தம்.

கடைக்காரர்: சத்தமா?

கேப்டன்: கடக்... கடக்... நடுவுல ஒரு கீச்சு. பல்லைக் கடிக்கிற மாதிரி. டிஸ்க் பக்கத்துல இருந்துதான் வருது.

அண்ணி: தம்பி, ஃபேனா இருக்குமோ?

கடைக்காரர்: ஃபேன்! ஃபேன்தான் அண்ணே. தூசி அடைச்சிருக்கும். ஃபேன் பழசானா பல்லைக் கடிக்கும்.

கேப்டன்: ஃபேனா?

கடைக்காரர்: ஃபேனேதான்.

கேப்டன்: ...சரி. இவ்வளவு தூரம் சொல்றே, ஃபேனாவே இருக்கட்டும். அப்போ டிஸ்குல ஒண்ணும் இல்லையா?

கடைக்காரர்: டிஸ்க் தங்கம்.

கேப்டன்: தங்கம்னா திறந்து காட்டு. உரசிப் பார்க்கிறேன்.

கடைக்காரர்: கஸ்டமர் முன்னாடி திறக்கக் கூடாது அண்ணே. வாரண்டி போயிடும்.

கேப்டன்: யாரோட வாரண்டி? உன்னோடதா?

அண்ணி: விடுங்களேன். அவன்தான் பார்த்துச் சொல்றேங்கறானே. ஒரு விளையாட்டு. கொஞ்சம் மெதுவாப் போனா என்ன? ஏதோ உண்மையான விமானத்துல ஜனங்களை ஏத்திட்டுத் தவிக்கிற மாதிரி...

கேப்டன்: விளையாட்டு இல்ல, சிமுலேட்டர்.

அண்ணி: பேரு பெருசா இருந்தா பணியாரம் ஆயிடுமா?

கேப்டன்: உனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை குரூப்ல எல்லாரும் ஒண்ணாப் பறப்போம். ஒரே ஏர்போர்ட்ல இருந்து கிளம்பி, ஒரே இடத்துல இறங்கணும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். எல்லாரும் இறங்கிட்டாங்க. கடைசியா நான். ஓடுபாதை தெரியுது. லைட் தெரியுது. சக்கரத்தை இறக்கிட்டேன். இந்தா தொடப் போறேன்... படம் நின்னுடுச்சு.

கடைக்காரர்: நின்னுடுச்சா?

கேப்டன்: நின்னுடுச்சு. அந்தரத்துல. பஸ் ஸ்டாப்புல நிக்குற மாதிரி. கீழ இருக்குற ஊரை அந்த டிஸ்க் தேடி எடுத்துட்டு வர்ற வரைக்கும் நான் காத்துட்டு இருக்கேன். எடுத்துட்டு வந்தப்போ நான் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வயல்ல குப்புறக் கிடக்கேன். போன ஞாயிறும் இதே. அதுக்கு முன்னாடியும் இதே. எல்லாரும் மைக்ல சிரிக்கிறாங்க.

அண்ணி: சிரிச்சா சிரிக்கட்டும். கூடப் பறக்குற நாலு வெட்டிப் பயலுக...

கேப்டன்: நாலு பேர் சிரிச்சா எனக்கென்ன. கடையில வாங்காத பேச்சா... நம்ம பெரியவன் சேர்ந்திருக்கான்.

அண்ணி: எதுல?

கேப்டன்: குரூப்லதான். எவனோ அவனைச் சேர்த்து விட்டிருக்கான். நல்லா ஓட்டுறான், அதைச் சொல்லணும். வெண்ணெயில கத்தி மாதிரி இறங்குறான். இறங்கிட்டு மைக்ல சொல்றான்... "அப்பா, கடையைத் தரைமட்டம் ஆக்கத் தெரிஞ்சுது, விமானத்தைத் தரையில இறக்கத் தெரியலையே"ன்னு.

அண்ணி: ...நம்ம பெரியவனா?

கேப்டன்: தமாஷுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அண்ணி: நீங்க இதை என்கிட்ட...

கேப்டன்: வெளிய யாரு ஹாரன் அடிக்கிறது? நம்ம காரா மறிச்சு நிக்குது? இரு, தள்ளி விட்டுட்டு வர்றேன். தம்பி, நான் வர்றதுக்குள்ள அந்தப் பெட்டிக்கிட்ட மரியாதையா நடந்துக்கோ.

கடைக்காரர்: போயிட்டு வாங்கண்ணே... அண்ணி, தப்பிச்சோம். ஃபேன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நிக்குறீங்க.

அண்ணி: இந்தா.

கடைக்காரர்: என்ன இது?

அண்ணி: கையை நீட்டு. வாங்கு. சீக்கிரம்... போட்டுடு.

கடைக்காரர்: எஸ்.எஸ்.டி.யா? அண்ணி, இவ்வளவு நேரம் நான் வாரண்டி, ஃபேன்னு வாயில வந்ததையெல்லாம் உளறினது எதுக்கு? உங்களுக்காக!

அண்ணி: தெரியும். போட்டுடு. மனுஷன் இறங்கவாவது இறங்கட்டும்.

கடைக்காரர்: அப்புறம் வெங்காயம்?

அண்ணி: நானே உரிச்சுக்குவேன். இத்தனை வருஷம் யார் உரிச்சா? ...என் பேச்சைக் கேக்க ஒரு ஆள் வேணும்னு அவரை அந்தரத்துல நிறுத்தி வச்சிருக்கேன். அவன் கடையை விட்டுத் தள்ளினான், நான் ஓடுபாதையை விட்டுத் தள்ளினேன். எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

கடைக்காரர்: அப்படிச் சொல்லாதீங்க.

அண்ணி: நீ ஆறுதல் சொல்லி அதுக்கும் சார்ஜ் போடாதே. எவ்வளவு நேரம் ஆகும்?

கடைக்காரர்: கடைசியா நகல் எடுத்ததுக்கு அப்புறம் சேர்ந்ததை மட்டும் இதுக்கு மாத்தணும்... நீங்க அண்ணனை எங்கேயாவது கூட்டிட்டுப் போய் வச்சுக்கங்க. வாஷர் வாங்குங்க. வாஷருக்குப் பேரம் பேச விடுங்க, பொழுது சாயுற வரைக்கும் வர மாட்டார்.

அண்ணி: கேட்டா என்ன சொல்லுவே?

கடைக்காரர்: ஃபேனைத் துடைச்சேன்னு சொல்லுவேன். நாளைக்கே குரூப்ல "ஃபேன் துடைச்சா விமானம் இறங்கும்"னு எழுதுவார். என் பொழப்பு ஃபேன் துடைக்கிறதாப் போயிடும்.

அண்ணி: கீழ வை, கீழ வை. வர்றார்.

கேப்டன்: ஹாரன் அடிச்சவன் நம்மகிட்ட முன்னாடி டைல்ஸ் வாங்கினவன். "கேப்டனா? என்ன அண்ணே, விமானத்தையே சந்துல பார்க் பண்ணிட்டீங்க"ங்கறான். ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்ல. என்ன தம்பி, பார்த்தியா?

கடைக்காரர்: பார்க்கணும் அண்ணே. கொஞ்ச நேரம் ஆகும். நீங்க நின்னா என் கை ஓடாது.

அண்ணி: வாங்க, எதிர்க் கடைக்குப் போவோம். வாஷர் வாங்கிட்டு, அப்படியே பெரியவனுக்கு ஒரு போன் போடணும். அவன்கிட்ட எனக்குப் பேச்சு இருக்கு.

கேப்டன்: இப்போ எதுக்கு அவன்? தமாஷுன்னு சொன்னேன்ல.

அண்ணி: நானும் தமாஷாத்தான் பேசப் போறேன். வாங்க.

கேப்டன்: நீ முன்னாடி போ. நான் இவன்கிட்ட சார்ஜைக் குறைச்சுட்டு வர்றேன். நீ பக்கத்துல நின்னா எனக்குப் பேரம் சரியா வராது.

அண்ணி: எனக்குத் தெரிஞ்சு உங்களுக்கு வராதது விமானம் இறக்குறது ஒண்ணுதான். ...அதுவும் வரும். சீக்கிரம் வாங்க.

கேப்டன்: போயிட்டாளா?

கடைக்காரர்: படியிறங்கிட்டாங்க. அண்ணே, சார்ஜ் விஷயம்...

கேப்டன்: ரோட்டைத் தாண்டட்டும், இரு. ...ம், தாண்டிட்டா. தம்பி, உன்கிட்ட பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கா?

கடைக்காரர்: பழசா?

கேப்டன்: தட்டு சுத்துற டிஸ்க். யாரோ கழட்டிப் போட்டது, மூலையில கிடக்குறது, எதுவா இருந்தாலும் சரி. ஆனா உயிரோட இருக்கணும். இன்னும் ரெண்டு மூணு வருஷமாவது ஓடணும்.

கடைக்காரர்: எதுக்குண்ணே? போட்டோ, கீட்டோ போட்டு வைக்கவா?

கேப்டன்: விமானத்துக்கு.

கடைக்காரர்: என்ன விளையாடுறீங்களா? மெதுவா இருக்கு, செங்கல்லுன்னு இவ்வளவு நேரம் குதிச்சது யாரு? குரூப்ல என் மானத்தை வாங்கினது யாரு?

கேப்டன்: குதிக்காம வந்திருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். குறை சொல்லாத நான் ஒருத்தன் இருக்கேன்னு அவ நம்பவே மாட்டா. குரூப்ல போட்டது மட்டும் நிஜமாப் போட்டது. என் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுட்டு என் பெட்டியில கை வச்சே பாரு, அதுக்கு.

கடைக்காரர்: அ... அண்ணே...

கேப்டன்: முழிக்காதே. சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லாத டிஸ்க் எங்கேயாவது பல்லைக் கடிக்குமா? ஆயுசு முழுக்கக் கல்லைத் தட்டி வித்தவன் நான். அது சாகப் போற டிஸ்கோட சத்தம்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கோ நாளைக்கோ நின்னுடும்னுதான் தூக்கிட்டு ஓடி வந்தேன். தனியா வரலாம்னு பார்த்தா இவ முந்திக்கிட்டா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஃபேன்னு தலையாட்டிட்டு நிக்கவேண்டியதாப் போச்சு.

கடைக்காரர்: அப்போ ஞாயித்துக்கிழமை? பெரியவன் சிரிச்சது?

கேப்டன்: சிரிக்கட்டும். அவன் அரை நிமிஷத்துல இறங்கிடுறான். இறங்கி, யார்கிட்ட போய்ப் பேசுறான்?

கடைக்காரர்: ...எப்போ தெரியும் அண்ணே உங்களுக்கு?

கேப்டன்: சட்டைக்குப் பட்டன் தேடினப்போ. ...மேசைக்கு அடியில வச்சிருக்கியே, அதை அவகிட்டயே கொடுத்துடு, அது டப்பாவுலயே கிடக்கட்டும். எனக்கு இப்போ இருக்கிறதைவிட மெதுவா ஓடுறது ஒண்ணு பார்த்து எடு தம்பி... விலையை நீயே சொல்லு, நான் பேரம் பேசல.